பழைய காரு, மங்கலான ஹெட்லைட்டு: பல்பு வாங்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. 2007 ஹோண்டா ஜாஸ், சிங்கப்பூர்ல காரு வெச்சுக்கற உரிமைச் சீட்டான சிஓஇய பத்து வருஷத்துக்கு ரினியூ பண்ணி ஓட்டிக்கிட்டு இருக்காரு. தீபாவளி லீவுக்கு குடும்பத்தோட மலேசியாவுல கேஎல் (கோலாலம்பூர்) போயிட்டு ராத்திரி திரும்பும்போது பாகோ தாண்டி நல்ல மழை, லைட்டு எரியுதா இல்லையான்னே தெரியல, ரோட்டுல கோடு தெரியல, முன்னால போன லாரியோட பின் லைட்டையே பிடிச்சுக்கிட்டு யோங் பெங் வரைக்கும் ஊர்ந்து வந்தாராம். இங்க வந்து வொர்க்‌ஷாப்ல கேட்டா "பாஸ், எல்இடி பல்பு மாத்துங்க, 150 வெள்ளிதான், பகல் மாதிரி அடிக்கும்"னு சொல்றாங்களாம், ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் எச்ஐடி கிட் (இழை இல்லாம வாயுவுல எரியற பல்பு) போடுங்கறாராம். ரெண்டுல எது நல்லதுன்னு கேக்குறாரு.

ரெண்டும் இப்போ வேண்டாம் தம்பி. உங்க கார் ஷோரூம்ல இருந்து வந்தப்போ இதே எச்4 பல்புல (லோ பீம், ஹை பீம் ரெண்டு இழையும் ஒரே பல்புக்குள்ள இருக்கற ஹாலோஜன் வகை) அப்போ ஓட்டினவர் இதே ரோட்டுலதான் கேஎல் போயிட்டு வந்தாரு, அவருக்கு ரோடு தெரிஞ்சுது. அந்த வெளிச்சம் இப்போ எங்கயோ வழியில காணாம போகுது. எங்க போகுதுன்னு கண்டுபிடிக்காம புது பல்பு மாட்டறது, ஓட்டைப் பானையில இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துற மாதிரிதான். நான் இருபது வருஷத்துக்கு மேல லாரி, வேன் வயரிங் வேலை பாத்தவன், லைட்டு மங்கல்னு வந்த வண்டிகள்ல பல்பு மட்டும்தான் காரணம்னு இருந்தது ரொம்ப கம்மி.

முதல்ல காசே செலவில்லாத ஒரு விஷயம். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழ டேஷ்போர்டுல 0, 1, 2, 3ன்னு நம்பர் போட்ட ஒரு சின்ன சக்கரம் சில கார்ல இருக்கும், ஹெட்லைட் லெவலர். பின்னால ஆளும் சாமானும் ஏத்தினா கார் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லைட்டு எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், அதனால லைட்டை கீழ இறக்கறதுக்காக வெச்சது. தனியா ஓட்டும்போது 0ல இருக்கணும். எங்க மச்சான் ஒரு வருஷமா லைட்டு சரியில்லைன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாரு, ரெண்டு தடவை பல்பு மாத்தியாச்சு, பேட்டரியும் மாத்தியாச்சு, ஒரு நாள் தேக்காவுல சாப்பிட்டுட்டு அவர் கார்ல வர்றப்போ பாக்குறேன், சக்கரம் 3ல நிக்குது. கார் கழுவுனவர் துணி போட்டு துடைக்கும்போது திரும்பியிருக்கும் போல. 0க்கு திருப்பினேன், மனுஷன் ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. உங்க ஜாஸ்ல அது இருக்கா, இருந்தா எதுல நிக்குதுன்னு இன்னிக்கே பாருங்க.

அந்த சக்கரம் ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னா இது வெறும் கணக்கு. லோ பீம், அதாவது எதிர்ல வண்டி வரும்போது போடற தாழ்வான லைட்டு, நேரா அடிக்காது, கொஞ்சம் கீழ சாஞ்சு அடிக்கும், பொதுவா 1 சதவீதம், அதாவது 10 மீட்டர் தூரத்துல 10 சென்டிமீட்டர் இறங்கும். உங்க லைட்டு தரையில இருந்து 65 செ.மீ உயரத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க, 1 சதவீதம் சாய்வுல அந்த வெளிச்சத்தோட மேல் விளிம்பு ரோட்டை தொடுறது 65 மீட்டர்ல. அதே சாய்வு 2.5 சதவீதமா ஆயிடுச்சுன்னா 26 மீட்டர்லயே தரையில முட்டிடும். பல்பு அதே பல்பு, கரண்ட் அதே கரண்ட், ஆனா நாப்பது மீட்டர் ரோடு காணாம போச்சு. மணிக்கு 90ல போனா ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் ஓடுது காரு, அப்போ 26 மீட்டர்ங்கறது ஒரு செகண்டு. நீங்க பிரேக்ல காலை வைக்கறதுக்குள்ள அது முடிஞ்சிடும்.

இந்த சாய்வை சரி பாக்குறதுக்கு மெஷின் எல்லாம் வேண்டாம், சுவர் போதும். மல்டி ஸ்டோரி கார் பார்க்ல உள் தளத்துல, ராத்திரி பதினோரு மணிக்கு மேல, சுவருக்கு முன்னால ரெண்டு லாட்டு காலியா இருக்கற இடமா பாத்துக்கோங்க. மொட்டை மாடி டெக் வேண்டாம், மழைத்தண்ணி ஓடறதுக்காக தரை கொஞ்சம் சரிஞ்சிருக்கும், கணக்கு தப்பாயிடும். டயர் காத்து சரியா இருக்கட்டும், பூட்ல இருக்கற அரிசி மூட்டை, ஸ்ட்ரோலர் எல்லாம் எடுத்துடுங்க, டிரைவர் சீட்ல ஒரு ஆளை உக்கார வெச்சுக்கோங்க. சுவர்கிட்ட கொண்டு போய் லைட்டோட நடு சென்டர் எங்க வருதுன்னு மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, ரெண்டு லைட்டுக்கும். அப்புறம் நேரா 5 மீட்டர் ரிவர்ஸ் போங்க. லோ பீம் போட்டா சுவர்ல ஒரு கோடு மாதிரி தெரியும், மேல இருட்டு, கீழ வெளிச்சம், இடது பக்கம் மட்டும் அந்த கோடு சாய்வா மேல ஏறும், ஏன்னா நாம இடது பக்கம் ஓட்டுறவங்க, நம்ம பக்கத்து நடைபாதையும் போர்டும் தெரியறதுக்காக அப்படி பண்ணியிருக்காங்க. வலது பக்கம் அந்த நேர் கோடு டேப்புக்கு 5 செ.மீ கீழ இருந்தா சரி. பத்து, பன்னெண்டு செ.மீ கீழ இருந்தா உங்க லைட்டு தரையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. டேப்புக்கு மேல இருந்தா எதிர்ல வர்றவன் உங்களை திட்டிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். லைட்டுக்கு பின்னால ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போட்டு திருப்பற மாதிரி பல்லு வெச்ச திருகு இருக்கும், ஒண்ணு மேல கீழ, இன்னொண்ணு பக்கவாட்டு. கால் கால் சுத்தா திருப்புங்க, ஒவ்வொரு தடவையும் சுவரைப் பாருங்க. பழைய பிளாஸ்டிக், ரொம்ப அழுத்துனா பல்லு உடைஞ்சிடும், அப்புறம் மொத்த லைட்டையும் மாத்தணும். பயமா இருந்தா வொர்க்‌ஷாப்ல பீம் செட்டர் வெச்சிருக்கற இடத்துல கேளுங்க, பத்து நிமிஷ வேலை.

சுவர்ல கோடே தெரியல, எல்லாம் கலங்கின சோத்துத் தண்ணி மாதிரி பரவிக்கிடக்குன்னா, அடுத்த விஷயத்துக்கு வந்துட்டீங்க: லென்ஸ்.

நீங்க போட்டோ போடல, ஆனா 2007 கார், வெளியில ஓபன் லாட்டுல நிறுத்தறேன்னு சொன்னீங்க, அதனால லென்ஸ் மஞ்சள் பூத்திருக்கும்னு பாக்காமயே சொல்லுவேன். முன்னாடி காலத்து கார்ல கண்ணாடி, அது மஞ்சளாகாது, கல்லடி பட்டா உடையும் அவ்ளோதான். இப்போ இருக்கறது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேல ஒரு மெல்லிசு கோட்டிங், அதுதான் வெயில்ல இருந்து காப்பாத்துது. நம்ம ஊர் வெயில் பத்தி சொல்ல வேண்டியதில்ல, வருஷம் பூரா தலைக்கு மேல. கோட்டிங் போச்சுன்னா பிளாஸ்டிக் மஞ்சளாகி, சொரசொரன்னு ஆகி, வெளிச்சம் முன்னால போறதுக்கு பதிலா நாலா பக்கமும் சிதறும். இது எவ்ளோ தின்னுதுன்னு அமெரிக்காவுல ட்ரிபிள் ஏங்கற வாகன ஓட்டிகள் சங்கம் 2018ல டெஸ்ட் பண்ணி சொன்னாங்க, மோசமா மங்கின லைட்டு புது லைட்டு குடுக்கற வெளிச்சத்துல சுமார் 20 சதவீதம்தான் குடுக்குதாம். அஞ்சுல ஒரு பங்கு! பாலிஷ் போட்டு எடுத்தா சுமார் 70 சதவீதம் வரைக்கும் திரும்ப வருது, கம்பெனி ஒரிஜினல் புது லைட்டு மாத்தினாத்தான் முழுசா வருதுன்னும் சொன்னாங்க. மங்கின லென்ஸுக்குள்ள எவ்ளோ பவர் பல்பு போட்டாலும் சிதறல்தான் அதிகமாகும், ரோடு தெரியாது, அதுக்காகத்தான் எல்இடிய இப்போ வேண்டாம்னேன்.

லென்ஸ் தேய்க்கறதைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. டூத்பேஸ்ட், கொசு ஸ்பிரே, என்னென்னமோ வீடியோவுல போடுறாங்க. டூத்பேஸ்ட் போட்டா பளிச்சுன்னுதான் ஆகும், மேல இருக்கற மங்கல் படலம் கொஞ்சம் போகும், ஆனா காப்பாத்தற கோட்டிங் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கை வெயில்ல விட்டா சில மாசத்துல மறுபடி அதே கதை, சில நேரம் முன்னைவிட மோசம். கொசு ஸ்பிரேயில இருக்கற கெமிக்கல் பிளாஸ்டிக்கோட மேல்தோலையே கரைக்குது, பாக்க மினுமினுன்னு இருக்கும், அப்புறம் மெல்லிசு விரிசல் விழும். சரியான வழின்னா லைட்டை சுத்தி பெயிண்டுக்கு டேப் ஒட்டிட்டு, தண்ணி விட்டு உப்புத்தாள், 800ல ஆரம்பிச்சு (ரொம்ப மோசம்னா 600) 1000, 2000, 3000ன்னு ஏறணும், ஒவ்வொரு தாளும் போன தாளோட கீறலை எடுக்கற வரைக்கும். 800 போட்டு தேய்க்கும்போது மஞ்சளா பால் மாதிரி தண்ணி வழியும், அந்த மஞ்சள் நின்னு வெள்ளையா வழிய ஆரம்பிச்சா பழைய கோட்டிங் போயிடுச்சுன்னு அர்த்தம், அது வரைக்கும் தாள் மாத்தாதீங்க. இந்த நேரத்துல லைட்டு பாக்க முன்னைவிட கேவலமா இருக்கும், பாலடைச்ச கண்ணு மாதிரி, வீட்டம்மா பாத்தா சண்டை வரும், பயப்படாதீங்க. 3000க்கு அப்புறம் பாலிஷ், அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலை: யூவி தாங்கற கிளியர் கோட். அது டூ-கே ஸ்பிரேயா (ஹார்டனர் கலந்து இறுகற கோட்டிங்) இருக்கலாம், யூவி விளக்குல காய வைக்கற கோட்டிங்கா இருக்கலாம். வொர்க்‌ஷாப்ல குடுத்தா ஒரே கேள்வி கேளுங்க, "பாலிஷுக்கு அப்புறம் மேல என்ன கோட்டிங் போடுறீங்க?" வெறும் வேக்ஸ்னு சொன்னா வேற இடம் பாருங்க. டூ-கே ஸ்பிரே நீங்களே அடிக்கறதா இருந்தா மாஸ்க் இல்லாம அடிக்காதீங்க, அதுல இருக்கற ஹார்டனர் நுரையீரலுக்கு ஆகாது, கார் பார்க்ல வெச்சு அடிக்கற சமாச்சாரம் இல்ல அது.

தேய்ச்சு பளபளன்னு ஆக்கின பிறகு உள்ள டார்ச் அடிச்சு ரிஃப்ளெக்டரை (பல்பு வெளிச்சத்தை முன்னால திருப்பி விடற பளபளப்பான கிண்ணம்) பாருங்க. கண்ணாடி மாதிரி மின்னணும். பல்புக்கு நேர் மேல சாம்பல் கலர்ல, இல்லன்னா பழுப்பா, பாதரசம் போன பழைய முகக்கண்ணாடி மாதிரி திட்டுத்திட்டா இருந்தா அது செத்துப்போச்சு, பாலிஷால சரி பண்ண முடியாது. ஒண்ணு சொல்றேன், நான் சின்ன வயசுல பண்ணின தப்பு. ஒரு வேன் லைட்டு உள்ள தூசி இருக்குன்னு பல்பு ஓட்டை வழியா குச்சியில டிஷ்யூ சுத்தி விட்டு துடைச்சேன். வெளிய எடுத்தா டிஷ்யூ பூரா வெள்ளிக் கலர், பர்ஃபிக்கு மேல ஒட்டியிருக்கற வெள்ளித்தாள் விரல்ல ஒட்டிக்கிட்டு வருமே அதே மாதிரி. உள்ள பாத்தா கருப்பு பிளாஸ்டிக் தெரியுது. பிளாஸ்டிக் மேல ஆவியா படிய வெச்ச அலுமினியம், அவ்ளோ மெல்லிசு, துணி பட்டாலே போச்சு. அந்த லைட்டுக்கு நான் என் கைக்காசு குடுத்தேன். அதனால உள்ள துடைக்கவே துடைக்காதீங்க.

ரிஃப்ளெக்டர் போயிருந்தா மொத்த ஹெட்லேம்பையும் மாத்தறதுதான் வழி. கம்பெனி ஒரிஜினல் விலை கேட்டா தலை சுத்தும், டெப்போ, டிஒய்சி மாதிரி தைவான் செட்டு நியாயமான விலையில கிடைக்கும், பீம் ஒரிஜினல் அளவுக்கு கச்சிதமா இருக்காது, ஆனா செத்துப்போன ஒரிஜினலைவிட நூறு மடங்கு தேவலை. ஜேபி (ஜொகூர் பாரு) பக்கம் பழைய காரை வெட்டி பாகமா விக்கற ஹாஃப் கட் கடைகள்ல செகண்ட் ஹேண்ட் எடுக்கறதா இருந்தா ரிஃப்ளெக்டரை டார்ச் அடிச்சு பாக்காம காசு குடுக்காதீங்க. ஆன்லைன்ல வாங்கறவங்க ஒரு விஷயம் கவனிங்க, அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி வலது பக்கம் ஓட்டுற ஊருக்கான லைட்டு சல்லிசா கிடைக்கும், அப்படியே பொருந்தும், ஆனா பீம் வலது பக்கம் மேல ஏறும். நம்ம ரோட்டுல அது நேரா எதிர்ல வர்றவன் கண்ணுல. அதை அட்ஜஸ்ட் பண்ணி சரி செய்யவே முடியாது.

இப்போ என் தொழில் விஷயம், கரண்ட்டு. இதை யாருமே பாக்கறதில்ல, ஏன்னா கண்ணுக்கு தெரியாது. ஹாலோஜன் பல்புல வோல்ட் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் கொஞ்சம் குறையும்னு நினைப்பீங்க, அப்படி இல்ல, வோல்ட் குறையற அளவைவிட பல மடங்கு வேகமா வெளிச்சம் விழும். எச்4 லோ பீமுக்கு ஐரோப்பிய ஸ்டாண்டர்ட்ல 13.2 வோல்ட்ல 1000 லூமென்னு (வெளிச்சத்தோட அளவு) கணக்கு. பல்பு கனெக்டர்ல 12.2 வோல்ட்தான் வருதுன்னா வெளிச்சம் முக்கால்வாசி ஆயிடும். 11.5க்கு இறங்கினா அறுபது சதவீதத்துக்கு பக்கம். லைட்டும் மஞ்சளா, வாடின மாதிரி ஆகும். ஒண்ணரை வோல்ட் எங்க போச்சுன்னு கேக்காதீங்க, பதினேழு வருஷத்துக்கு மேல ஆன காரு, இன்ஜின் சூடு, நம்ம ஊர் ஈரம், ஒவ்வொரு கனெக்டரும் கொஞ்சம் கொஞ்சமா துரு பிடிச்சு ஆளுக்கு கால் வோல்ட் கமிஷன் எடுத்துக்கும்.

பாக்கறது சுலபம், சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓட விடுங்க, லோ பீம் போடுங்க, ஏர்கானும் போடுங்க, நாம ஏர்கான் இல்லாம என்னிக்கு ஓட்டியிருக்கோம். முதல்ல பேட்டரி ரெண்டு முனையில வெச்சு பாருங்க, 13.8ல இருந்து 14.4க்குள்ள இருந்தா ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் குடுக்கறது) நல்லா இருக்கு. 13க்கு கீழ போனா லைட்டு பிரச்சனை இல்ல தம்பி, சார்ஜிங் பிரச்சனை, அதை முதல்ல பாருங்க. அடுத்து பல்பு மாட்டி எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே கனெக்டருக்கு பின்னால, வயர் உள்ள போற பக்கமா மீட்டர் முனையை மெதுவா சொருகி அங்க எவ்ளோ வருதுன்னு பாருங்க. பல்பை கழட்டிட்டு அளந்தா தப்பு, கரண்ட் ஓடாதப்போ எல்லா வயரும் யோக்கியன்தான், 14 வோல்ட் முழுசா காட்டும். பேட்டரிக்கும் பல்புக்கும் அரை வோல்ட்டுக்குள்ள வித்தியாசம்னா சந்தோஷமா மூடி வெச்சிட்டு போங்க. ஒரு வோல்ட்டுக்கு மேலன்னா வேலை இருக்கு.

அந்த வேலை பெரும்பாலும் எர்த்துல இருக்கும். லைட்டுல இருந்து வர்ற நெகட்டிவ் வயர் பாடியில ஒரு 10 நம்பர் போல்ட்டுல முறுக்கியிருப்பாங்க, அதை கழட்டி, அடியில உப்புத்தாள் போட்டு பளபளன்னு ஆக்கி, திரும்ப இறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. அஞ்சு வெள்ளி கூட செலவில்ல. அப்புறம் பல்பு கனெக்டரையே கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க. நல்ல கனெக்டர் பிளாஸ்டிக் ஒரே கலரா இருக்கும். சூடு பட்டது ஓட்டைய சுத்தி பழுப்பா, ரொட்டி கருகின மாதிரி இருக்கும், உள்ள பித்தளை தகடு நீலம் பாஞ்சு பிடிமானம் விட்டிருக்கும், பல்பை சொருகினா இறுக்கமே இருக்காது, லொடலொடன்னு போகும். அது அங்கயே கரண்ட்டை சூடா மாத்திக்கிட்டு இருக்கு. புது செராமிக் கனெக்டர் போட்டுடுங்க. இதுக்கு முன்னாடி யாராவது 100/90 வாட் பல்பு போட்டு ஓட்டியிருந்தா இந்த கோலத்துலதான் இருக்கும். ஒரிஜினல் எச்4 60/55 வாட், அந்த வயர் அதுக்குத்தான், அந்த ரிஃப்ளெக்டர் கோட்டிங்கும் அந்த சூட்டுக்குத்தான்.

இவ்ளோ பண்ணியும் ஒரு வோல்ட் காணோம்னா ரிலே கிட். ரிலேன்னா சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை போட்டு அணைக்கற ஸ்விட்ச். பேட்டரில இருந்து நேரா தடிமனான வயர், 2.5 சதுர மில்லிமீட்டர், பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ், ரிலே வழியா பல்புக்கு. பழைய ஸ்விட்ச்சு வயர் ரிலேவை தட்டி விடறதுக்கு மட்டும், அதுக்கு மேல சுமை கிடையாது. வித்தியாசம் கண்கூடா தெரியும், எத்தனையோ பழைய வேனுக்கு போட்டுக் குடுத்திருக்கேன். ஆனா இதுல ஒரு குழி இருக்கு. பழைய ஜப்பான் கார் சிலதுல ஸ்விட்ச் பாசிட்டிவை கட் பண்ணாது, எர்த்தைத்தான் கட் பண்ணும். சாதா கிட்டை அதுல மாட்டினா ஹை பீம் லோ பீம் ரெண்டும் ஒண்ணா எரியறது, டேஷ்போர்டுல ஹை பீம் விளக்கு அணையாம நிக்கறதுன்னு கூத்து நடக்கும். அதனால முதல்ல மீட்டர் வெச்சு எந்த பக்கம் ஸ்விட்ச் பண்ணுதுன்னு பாத்துட்டு அதுக்கான கிட் வாங்குங்க. ஃபியூஸ் இல்லாம யாராவது வயர் இழுத்துக் குடுக்கறேன்னா அவர்கிட்ட வேலையே குடுக்காதீங்க, கார் தீ பிடிக்கற கதையெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்குது.

பல்புக்கு வருவோம், கடைசியாத்தான் வருவோம். ஹாலோஜன் பல்பு திடீர்னு ஒரு நாள் போறதுதான் நமக்கு தெரியும், அதுக்கு முன்னாடியே வயசாகி மங்கிக்கிட்டு வரும். எப்போ மாத்தினோம்னே ஞாபகம் இல்லன்னா ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. பிலிப்ஸ், ஓஸ்ராம் ரெண்டுலயும் பிளஸ் 100, பிளஸ் 150ன்னு அட்டையில போட்ட பல்பு வரும். அந்த நம்பரை அப்படியே நம்பாதீங்க, சட்டம் சொல்ற குறைஞ்சபட்ச அளவோட ஒப்பிட்டு, பீம்ல ஒரு குறிப்பிட்ட இடத்துல அளந்து போடறது, மொத்த வெளிச்சம் ரெண்டரை மடங்கு ஆகாது. ஆனா நிஜமாவே கொஞ்சம் தூரமா அடிக்கும், இழையை நெருக்கி, சூடா எரிய வெச்சு எடுக்கறாங்க, அதனால ஆயுசு கம்மி. நீங்க மாசத்துக்கு ஒரு தடவை மலேசியா போறவர்னா வாங்கலாம், தினமும் ராத்திரி கிராப் வாடகைக் கார் ஓட்டறவர்னா சாதா பல்பே போதும். நீலம் பூசின, "சூப்பர் வொயிட்"னு எழுதின ஹாலோஜன் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த நீல பூச்சு வெளிச்சத்துல ஒரு பங்கை முழுங்கிட்டுத்தான் வெள்ளையா காட்டுது. மாட்டும்போது கண்ணாடியில விரல் படாம பாத்துக்கோங்க, எண்ணெய் பிசுக்கு பட்ட இடம் சூட்டுல வெடிக்கும்.

எல்இடி கிட் ஏன் வேண்டாம்னு முழுசா சொல்லாம விட்டா உங்க வொர்க்‌ஷாப்காரர் மறுபடி உங்களை மடக்கிடுவாரு. எச்4 பல்புக்குள்ள லோ பீம் இழைக்கு அடியில சின்ன கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும், பாத்திருப்பீங்க. அந்த இழை எந்த இடத்துல இருக்கு, எவ்ளோ நீளம், அந்த கரண்டி எங்க மறைக்குது, இதையெல்லாம் மில்லிமீட்டர் கணக்குல வெச்சுத்தான் ரிஃப்ளெக்டரோட வளைவையே வரையறாங்க. எல்இடில வெளிச்சம் வர்றது ரெண்டு பக்கம் ஒட்டின தட்டை சிப்புல இருந்து, நடுவுல தடிமனான உலோகம் வேற. ரிஃப்ளெக்டருக்கு அது வேற பாஷை. விளைவு என்னன்னா காருக்கு முன்னால பத்து மீட்டர் வெள்ளை வெளேர்னு இருக்கும், நீங்க ஆஹான்னு சொல்லுவீங்க, ஆனா கிட்ட அவ்ளோ வெளிச்சம் இருந்தா கண்ணு அதுக்கு பழகி கண்பாப்பா சுருங்கிடும், தூரத்துல இருக்கற இருட்டு இன்னும் இருட்டாகும். அறுபது மீட்டர்ல நிக்கற மாடோ மனுஷனோ தெரியாது. கூடவே கோட்டுக்கு மேல சிதறி எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும். அட்டையில 20000 லூமென்னு போட்டிருப்பாங்க, கம்பெனி எச்ஐடி டி2எஸ் பல்பே 3200 லூமென்தான், நீங்களே யோசிச்சுக்கோங்க.

எல்லா எல்இடியும் மோசம்னு சொல்ல வரல. ஜெர்மனியில 2020ல ஓஸ்ராம் நைட் பிரேக்கர் எல்இடிக்கு ரோட்டுல ஓட்ட அனுமதி குடுத்தாங்க, ஆனா எந்தெந்த கார் மாடல், எந்த ஹெட்லேம்ப்ல டெஸ்ட் பண்ணி பாஸ் ஆச்சோ அதுக்கு மட்டும். அந்த லிஸ்ட் இருக்கறதே பொத்தாம் பொதுவா மாட்டக்கூடாதுன்னுதான். இங்க நம்ம ஊர்ல கார் வந்தப்போ இல்லாத எச்ஐடியை பின்னால மாட்டறதுக்கு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி இல்ல, உங்க ஆபீஸ் நண்பர் கிட்ட சொல்லிடுங்க. எல்இடி மாட்ட நினைக்கறவங்களும் எல்டிஏவோட ஒன்மோட்டரிங் தளத்துல மாற்றங்கள் பத்தி இருக்கற பக்கத்தை ஒரு தடவை படிச்சிட்டு காசை எடுங்க. உங்க காருக்கு பத்து வருஷம் தாண்டினதால வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேற, அங்க ஹெட்லைட்டை மெஷின் வெச்சுத்தான் பாப்பாங்க. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் பழைய பல்பை மாட்டிட்டு போயிட்டு வந்து திரும்ப மாத்தறவங்களும் இருக்காங்க, எனக்கு தெரியும், நடு ரோட்டுல பிடிச்சா சம்மன் வரும்னு அவங்களுக்கும் தெரியும்.

கம்பெனியிலயே எச்ஐடி வந்த பழைய கார் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த பல்பும் வயசாகி மங்கும், கலர் ஊதா பக்கமா போகும், மாத்தணும்னா அதே டி2எஸ்ஸா டி2ஆரான்னு (எச்ஐடி பல்பு வகைகள்) பாத்து 4300 கெல்வின்ல (லைட்டு கலரோட அளவு, ஏற ஏற நீலமாகும்) வாங்குங்க, 6000, 8000 வேண்டாம். கையால தொடற வேலை வேண்டாம், ஸ்டார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்.

இனி மழை. இதை சொல்லாம விட்டா நீங்க எல்லாம் பண்ணிட்டு அடுத்த மழையில என்னை திட்டுவீங்க. காஞ்ச ரோடு சொரசொரப்பு, அடிக்கற வெளிச்சத்துல கொஞ்சம் உங்க கண்ணுக்கே திரும்பி வரும், அதனாலதான் ரோடு தெரியுது. தண்ணி நின்ன ரோடு கண்ணாடி, நீங்க அடிக்கற வெளிச்சம் அப்படியே வழுக்கி முன்னால போயிடும், எதிர்ல வர்றவன் வெளிச்சம் வழுக்கி உங்க கண்ணுக்கு வரும். கோடு போடற பெயிண்டுல பொடி கண்ணாடி மணி கலந்திருப்பாங்க, லைட்டை திருப்பி அடிக்கறது அதுதான், தண்ணிக்கு அடியில போனா அது வேலை செய்யாது. புது பென்ஸ் ஓட்டறவனுக்கும் பாகோ மழையில கோடு தெரியாது தம்பி. அங்க ஹைவேல வேக லிமிட் மணிக்கு 110, ஆனா அந்த மழையில லோ பீம்ல 110 போனா கார் நிக்கற தூரம் லைட்டு எட்டற தூரத்தைவிட அதிகம். நீங்க ஊர்ந்து வந்தது சரிதான், லாரி பின்னால ரொம்ப ஒட்டி வராம இருந்தா சரி.

மழைக்கு லைட்டைவிட அதிகமா உதவறது முன் கண்ணாடி. வெளியில பஸ்சு லாரி புகையில இருந்து ஒரு எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும், சோப்பு தண்ணிக்கு போகாது, கிளாஸ் பாலிஷ் வாங்கி தேய்ச்சா தண்ணி முத்து முத்தா நிக்காம சீரா பரவும், அப்போ போயிடுச்சுன்னு அர்த்தம். உள்பக்கமும் துடைங்க, வெயில்ல டேஷ்போர்டு பிளாஸ்டிக்ல இருந்து ஆவி கிளம்பி கண்ணாடி உள்ள படியும், பகல்ல தெரியாது, ராத்திரி எதிர் லைட்டு பட்டா பனிமூட்டம் மாதிரி நிக்கும். வைப்பர் ரப்பர் வெயில்ல காஞ்சு கோடு கோடா இழுத்தா மாத்துங்க. முன்னாடி இருந்தவர் டின்ட் ஒட்டியிருந்தா அதையும் பாருங்க, முன் கண்ணாடியும் முன் கதவு கண்ணாடியும் குறைஞ்சது 70 சதவீதம் வெளிச்சம் விடணும்னு இங்க சட்டம், பழைய டின்ட்டு சிலது அதுக்கு கீழ இருக்கும்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. நாப்பத்தஞ்சு தாண்டிட்டீங்கன்னா கண்ணையும் ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க. எனக்கு எதிர் லைட்டை சுத்தி வளையம் வளையமா தெரிஞ்சுது, நானும் கண்ணாடியைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன், கடைசில பாத்தா கேட்டராக்ட், கண்புரை.

உங்களுக்கு சொல்ற வரிசை இதுதான்: இன்னிக்கு ராத்திரி லெவலர் சக்கரம், அப்புறம் சுவர். சனிக்கிழமை மீட்டர், எர்த் போல்ட்டு. லென்ஸை காக்கி புக்கிட் பக்கமோ சின் மிங் பக்கமோ கோட்டிங் போட்டுக் குடுக்கற இடத்துல குடுங்க. லென்ஸ் வேலை முடிஞ்சதும் சுவர் டெஸ்ட்டை மறுபடி ஒரு தடவை பண்ணுங்க, லைட்டை கழட்டி மாட்டினா அளவு மாறும். பேட்டரியில எவ்ளோ, பல்பு கனெக்டர்ல எவ்ளோன்னு அந்த ரெண்டு நம்பரை மட்டும் எழுதுங்க, ரிலே வேணுமா வேண்டாமான்னு அதைப் பாத்துட்டு சொல்றேன்.